கொடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டாம்

(ஜார்ஜ் மைக்கேல் நினைவாக இசை ரசிகர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2016 பாட்டுக் கேட்பவர்களுக்குப் பொல்லாத ஆண்டு. ஜனவரியில் டேவிட் போவி போனார். ஏப்ரலில் பிரின்ஸ். நவம்பரில் லியோனார்ட் கோஹன். அதே நவம்பரில் இங்கே சென்னையில் பாலமுரளிகிருஷ்ணா. போதும், இந்த ஆண்டு முடிந்து தொலையட்டும் என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோது, கிறிஸ்துமஸ் அன்று, தேம்ஸ் நதிக்கரையில் கோரிங் என்ற சிற்றூரில் ஜார்ஜ் மைக்கேல் தம் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 53. இதய நோய். செய்தி நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது 26-ஆம் தேதி விடியத் தொடங்கியிருந்தது.

'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' பாட்டை எழுதியவர் கிறிஸ்துமஸ் நாளிலேயே போனார் என்பதை அன்று எழுதாத பத்திரிகை இல்லை. நான் அதை நீட்டப்போவதில்லை. அதற்கு அடுத்த சில நாட்களில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். ரிச்சர்ட் ஒஸ்மான் என்ற தொலைக்காட்சிக்காரர் முதலில் ஒன்றைச் சொன்னார். 'டீல் ஆர் நோ டீல்' என்ற பரிசுப் போட்டிக்கு வந்த ஒரு பெண், செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைக்கு 15,000 பவுண்டு தேவைப்படுகிறது என்று நிகழ்ச்சியில் சொல்லியிருக்கிறார். மறுநாள் ஜார்ஜ் மைக்கேல் யாருக்கும் தெரியாமல் தொலைபேசியில் அழைத்து அந்தப் பணத்தைக் கொடுத்திருக்கிறார். வீடில்லாதவர்களுக்கான காப்பகம் ஒன்றில் வேலை செய்த பெண்மணி, அவர் அங்கே தொண்டராக வந்து வேலை செய்ததையும், வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதையும் சொன்னார். மதுக்கூடத்தில் பரிமாறிய ஒரு பெண் கடனில் தவிக்கும் நர்சிங் மாணவி என்று தெரிந்து, 5,000 பவுண்டு டிப்ஸ் வைத்துவிட்டுப் போனாராம். துன்பத்தில் இருக்கும் குழந்தைகள் அழைத்துப் பேசுவதற்காக 'சைல்டுலைன்' என்ற இலவசத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கிய எஸ்தர் ரான்ட்சன், பல ஆண்டுகளாக அவர் லட்சக்கணக்கான பவுண்டுகளைக் கொடுத்துவந்தார், நாங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவர் விருப்பம் என்றார்.

ஒருவர் இறந்தால் நல்லது சொல்வது ஊர் வழக்கம். எதிரிகூட நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நகர்வார். இங்கே நடந்தது அது அல்ல. இவர்கள் எல்லாரும் ஒரு வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்கள். அவர் உயிரோடு இருந்தவரை வாய் திறக்கவில்லை. உலகமே அந்த மனிதரைப் பற்றி வம்பு பேசிக்கொண்டிருந்த ஆண்டுகளில், 'இல்லை, அவர் எனக்கு இதைச் செய்தார்' என்று சொல்லத் துடித்திருப்பார்கள். சொல்லவில்லை. மரணம்தான் அவர்களை அந்த வாக்கிலிருந்து விடுவித்தது.

பாப் இசை வெளிச்சத்தில் வாழும் கலை. முகம் இல்லாமல் பாப் இசை இல்லை என்று எல்லாரும் நம்பிய காலத்தில் வந்தவர் இவர். அந்த முகம் உலகத்திலேயே அதிகம் அச்சடிக்கப்பட்ட முகங்களில் ஒன்றாக இருந்தது. அப்படிப்பட்டவருடைய வாழ்க்கையில் இத்தனை மறைவு எப்படி வந்தது? அந்த மறைவு இரண்டு வகை என்பது என் எண்ணம். ஒன்று, காலமும் பயமும் அவர் மேல் சுமத்தியது. இன்னொன்று, அவரே விரும்பி எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒரே பாட்டில் வந்து சேர்ந்த இடம் ஒன்று உண்டு. அங்கே போவதற்கு முன்னால் கொஞ்சம் அவருடைய இசையைப் பேசுவோம்.

அவருடைய இயற்பெயர் யோர்கோஸ் கிரியாகோஸ் பனாயோட்டு. அப்பா சைப்ரஸ் தீவிலிருந்து 1950-களில் பிழைக்க வந்து, உணவகம் நடத்தி முன்னுக்கு வந்தவர். அம்மா லெஸ்லி ஆங்கிலேயர். பிறந்தது 1963 ஜூன் 25, வடக்கு லண்டனில். 1975-இல் புஷி என்ற ஊர்ப் பள்ளியில் ஆண்ட்ரூ ரிட்ஜ்லி என்ற பையனின் சிநேகம் கிடைத்தது. கண்ணாடி போட்ட, குண்டான, கூச்சமான பையனை அந்த ரிட்ஜ்லி தன் தைரியத்தால் மேடைக்கு இழுத்து வந்தான். இருவரும் சேர்ந்து 'வாம்' என்ற இசைக்குழு ஆனார்கள். ரிட்ஜ்லியை ஒட்டுண்ணி என்று கேலி செய்தவர்கள் நிறைய. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஜார்ஜ் மைக்கேல் என்ற ஆள் உருவாவதற்கு அந்தச் சிநேகிதனின் துணிச்சல் வேண்டியிருந்தது. அவரே அதைப் பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நான் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்துப் பிழைத்தவன். கல்யாண வரவேற்பில் சாக்ஸபோன்காரர் ஒருவர் மேடை ஏறிவிட்டால் போதும், கூட்டத்தில் யாராவது ஒருவர் 'கேர்லெஸ் விஸ்பர்' கேட்பார். பாட்டின் பெயர் தெரியாது, பாடியவர் பெயர் தெரியாது, அந்த சாக்ஸபோன் மெட்டை வாயால் முனகிக் காட்டிக் கேட்பார். அந்த மெட்டு எங்கே பிறந்தது தெரியுமா? பதினேழு வயதில், ஓட்டலில் இசைத்தட்டு போடும் வேலைக்குப் போக பஸ் ஏறி, காசை நீட்டிக்கொண்டிருந்தபோது மனதில் வந்தது என்று அவர் எழுதியிருக்கிறார்.

அந்தப் பாட்டை வாசித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். அதில் மொத்தமே நான்கு கார்டுகள்தாம். சரணத்துக்கும் அதே நான்கு, பல்லவிக்கும் அதே நான்கு. திரும்பத் திரும்ப அதே சக்கரம். சாதாரணமாக இப்படிப் போனால் இரண்டாவது நிமிடத்தில் கேட்பவருக்குச் சலித்துவிடும். இங்கே சலிப்பதில்லை. ஏனென்றால் ஏற்ற இறக்கம் எல்லாம் குரலில் நடக்கிறது. ஒரு வரியைக் காற்றோடு கலந்து பாதிக் குரலில் விடுகிறார், அடுத்த வரியை இறுக்கிப் பிடிக்கிறார், இன்னொன்றைத் தாளத்துக்குப் பின்னால் தள்ளிப் போடுகிறார். கீழே கார்டு மாறவே இல்லை, மேலே மனசு மாறிக்கொண்டே இருக்கிறது. 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' பாட்டும் அப்படித்தான். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நான்கே கார்டுகள்.

இந்தப் பையன் எவ்வளவு பிடிவாதக்காரன் என்பதற்கும் 'கேர்லெஸ் விஸ்பர்' சாட்சி. முதலில் அதை அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து மஸில் ஷோல்ஸில் ஜெர்ரி வெக்ஸ்லரிடம் பதிவு செய்தார்கள். அரேதா ஃபிராங்க்ளினையும் ரே சார்ல்ஸையும் பதிவு செய்த மேதை அவர். பதிவு சரியாக இல்லை என்று இருபது வயதுப் பையன் அதை ஒதுக்கி வைத்தான். லண்டனுக்குத் திரும்பித் தானே மறுபடி பதிவு செய்தான். சாக்ஸபோன் பகுதிக்குப் பலர் வந்து வாசித்தும் திருப்தியில்லை. கடைசியில் ஸ்டீவ் கிரிகோரி வாசித்ததுதான் நாம் இன்று கேட்பது. 1984-இல் வெளிவந்தது. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் முதலிடம்.

'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' பற்றியும் ஒரு தகவல் சொல்லியாக வேண்டும். அதே 1984, ஆகஸ்ட் மாதம், லண்டனில் நல்ல வெயில். ஸ்டூடியோவில் கிறிஸ்துமஸ் தோரணங்களைக் கட்டி வைத்துக்கொண்டு, டிரம் எந்திரம், சிந்தசைசர், சலங்கை மணி என்று எல்லா வாத்தியங்களையும் அவர் ஒருவரே வாசித்துப் பதிவு செய்தார். அந்த டிசம்பரில் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பலர் சேர்ந்து பாடிய 'டூ தே நோ இட்ஸ் கிறிஸ்துமஸ்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதிலும் அவர் பாடியிருந்தார். அவருடைய சொந்தப் பாட்டு இரண்டாம் இடத்தில் நின்றது. 'வாம்' அந்தப் பாட்டின் ராயல்டியையும் எத்தியோப்பியாவுக்கே கொடுத்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர்களுக்காக லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நடந்த நிதி நிகழ்ச்சியிலும் 'வாம்' பாடியது. பளபளப்புச் சட்டை போட்ட சின்னப் பையன்கள் என்று விமர்சகர்கள் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில் நடந்தவை இவை.

1985 ஏப்ரலில் பெய்ஜிங் தொழிலாளர் விளையாட்டரங்கில் பாடினார்கள். மாவோ மறைந்து பத்தாண்டுகூட ஆகாத சீனம் அது. எழுந்து ஆடக் கூடாது என்று சொல்லப்பட்ட கூட்டம், கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது. 1986 ஜூன் 28, லண்டன் வெம்ப்ளியில் 72,000 பேர் முன்னால் 'வாம்' விடைபெற்றது. உச்சத்தில் இருக்கும்போதே கலைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு 'ஃபெய்த்' ஆல்பம். எழுதியது, இசையமைத்தது, தயாரித்தது அவரே. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது. தோல் ஜாக்கெட், மூன்று நாள் தாடி, கறுப்புக் கண்ணாடி: அந்த உருவம் உலகத்துச் சுவர்களில் எல்லாம் ஒட்டப்பட்டது.

அங்கேதான் அவருக்கு மூச்சு முட்டியது.

1990-இல் 'லிசன் வித்தவுட் பிரெஜுடிஸ்' ஆல்பம் வந்தபோது அட்டையில் அவர் முகம் இல்லை. 1940-இல் வீஜி என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்த கோனி தீவுக் கடற்கரைக் கூட்டம் அட்டை முழுக்க நிற்கிறது. ஆயிரக்கணக்கான முகங்கள், அவர் முகம் மட்டும் இல்லை. 'பிரேயிங் ஃபார் டைம்' பாட்டுக்கு வீடியோ என்ற பெயரில் இருட்டுத் திரையில் வரிகள் மட்டும் வந்தன. ஏழைகளுக்குக் கை மூடிக்கொண்ட உலகத்தைப் பற்றிய பாட்டு அது. அமெரிக்காவில் முதலிடம் போனது. 'ஃப்ரீடம்' பாட்டுக்கு டேவிட் ஃபின்ச்சர் எடுத்த வீடியோவில், நவோமி கேம்பெல், சிண்டி கிராஃபோர்டு போன்ற மாடல்கள் அவர் வரிகளுக்கு வாயசைக்கிறார்கள். அவர் எங்கும் இல்லை. 'ஃபெய்த்' காலத்துத் தோல் ஜாக்கெட் அதிலே தீப்பிடித்து எரிகிறது.

இதை விளம்பர உத்தி என்று சொன்னவர்கள் உண்டு. அப்படி இருந்தால் விற்பனை கூடியிருக்க வேண்டும். 'ஃபெய்த்' அளவுக்கு அது விற்கவில்லை. தன் பாடல்களைச் சரியாக விளம்பரப்படுத்தவில்லை என்று இசைத்தட்டு நிறுவனமான சோனி மீது ஒப்பந்த வழக்குப் போட்டார். தொழில் செய்யும் உரிமையையே பறிக்கும் ஒப்பந்தம் என்பது அவர் வாதம். 1994 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பெரும் பணமும், வாழ்வின் நல்ல ஆண்டுகள் சிலவும் போயின. ஆனால் பாடகனுக்கும் கம்பெனிக்கும் நடுவே உள்ள காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உலகம் உட்கார்ந்து படித்தது அந்த வழக்கால்தான். தோற்ற வழக்கு என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இது அவரே விரும்பி எடுத்துக்கொண்ட மறைவு. முகத்தை விலக்கிக்கொண்டு பாட்டை முன்னால் தள்ளுவது. கொடுக்கும்போது பெயரை விலக்கிக்கொண்டாரே, அதுவும் இதே குணத்திலிருந்து வந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

இனி அவர் மேல் சுமத்தப்பட்ட மறைவு.

1991 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோ இசை விழாவில் பாடப் போனபோது அன்செல்மோ ஃபெலெப்பா என்ற பிரேசில்காரரைச் சந்தித்தார். ஆடை வடிவமைப்பாளர். வாழ்வில் முதல்முறையாக ஒருவரை நேசித்து, அந்த நேசம் திரும்பக் கிடைத்த நாட்கள் அவை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். சில மாதங்களிலேயே அன்செல்மோவுக்கு ஹெச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அது எந்தக் காலம் என்பதை இளைஞர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உயிரைக் காக்கும் மருந்து இல்லாத காலம். எய்ட்ஸ் என்றால் மரணம், அதற்கு முன்னால் அவமானம். ஓரினச் சேர்க்கையை ஊக்குவிக்கக் கூடாது என்று உள்ளாட்சி அமைப்புகளுக்கே பிரிட்டன் 1988-இல் சட்டம் போட்டிருந்தது. மஞ்சள் பத்திரிகைகள் மருத்துவமனை வாசலில் காத்திருந்தன. தன் மகன் அப்படிப்பட்டவன் என்று தெரிந்தால் அம்மா ஒவ்வொரு நாளும் இந்த நோயை நினைத்துப் பயந்து சாவாரே என்பதுதான் தன் வாயைக் கட்டியது என்று அவர் பின்னாளில் சொன்னார். தாய்க்குப் பயந்து அல்ல, தாய்க்காகப் பயந்து. இந்த வேறுபாடு நம்மவர்களுக்கு விளக்காமலே புரியும்.

அந்த நிலையில்தான் 1992 ஏப்ரல் 20 வந்தது. வெம்ப்ளி அரங்கில் ஃப்ரெடி மெர்குரி நினைவு இசை நிகழ்ச்சி. பார்சிக் குடும்பத்தில் சான்சிபாரில் பிறந்து, மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனி விடுதிப் பள்ளியில் பியானோ படித்து வளர்ந்த ஃப்ரெடி, முந்தைய நவம்பரில் எய்ட்ஸால் இறந்திருந்தார். ஜார்ஜ் மைக்கேல் மேடைக்கு வந்து 'சம்படி டு லவ்' பாடினார். பின்னால் ஃப்ரெடியின் குயின் குழுவும் லண்டன் கம்யூனிட்டி காஸ்பெல் கொயரும். ஃப்ரெடியின் பாட்டுகளை மற்றவர்கள் பாடுவது சாதாரண வேலை இல்லை. அன்று மேடை ஏறிய பெரிய பெரிய பாடகர்கள் பலர் அந்த உயரத்தில் திணறினார்கள். இவர் திணறவில்லை. ஃப்ரெடியைப் போலப் பாட முயலவும் இல்லை. தன் குரலில், தன் வலியில் பாடினார். ஒத்திகையில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. ஓரமாக நின்று டேவிட் போவி கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த முகத்தைப் பாருங்கள்.

அன்று அரங்கில் இருந்த 72,000 பேருக்கும், நேரலையில் பார்த்த கோடிக்கணக்கானவர்களுக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அன்செல்மோவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். நேசிக்க ஒருவரைத் தேடும் பாட்டை, நேசித்தவர் செத்துக்கொண்டிருக்கும்போது, அவர் எதிரிலேயே, அவரைச் சுட்டிக்காட்ட முடியாமல் பாடினார். ஃப்ரெடிக்கு மரியாதை செய்வதும் அன்செல்மோவுக்காகப் பிரார்த்தனை செய்வதும் அன்றைக்குத் தனக்கிருந்த இரண்டு வேலைகள் என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு சொன்னார். அந்த நிகழ்ச்சியின் பாடல்களைக் கொண்ட 'ஃபைவ் லைவ்' தட்டு 1993-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதன் வருமானம் ஃப்ரெடியின் நினைவாக அமைந்த எய்ட்ஸ் எதிர்ப்பு அறக்கட்டளைக்குப் போனது. அன்செல்மோ அந்த ஆண்டு மார்ச்சில் இறந்துவிட்டார்.

ஊரறிந்த கணவனோ மனைவியோ இறந்தால் வீட்டுக்கு ஆள் வரும். உட்கார்ந்து அழ இடம் கிடைக்கும். துக்கம் கேட்க நாலு பேர் இருப்பார்கள். உலகப் புகழ் பெற்ற இந்த மனிதருக்கு, இறந்தவர் தனக்கு யார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமைகூட இல்லை. ஒன்றரை ஆண்டு போல அவரால் ஒரு பாட்டுக்கூட எழுத முடியவில்லை. பிறகு ஒன்று வந்தது. 'ஜீசஸ் டு எ சைல்டு'.

1994 நவம்பரில் பெர்லினில், பிராண்டன்பர்க் வாயிலுக்கு முன்னால் நடந்த எம்டிவி விழாவில் முதல்முறையாக அதைப் பாடினார். 1996 ஜனவரியில் தட்டாக வந்து பிரிட்டனில் நேராக முதலிடத்தில் இறங்கியது. பிரேசில் நாட்டு போசா நோவா தாளம். அன்செல்மோவின் ஊர்த் தாளம். மெல்லிய கிதார். குரலை அவர் இந்த அளவு தாழ்த்தி வேறெங்கும் பாடியதில்லை. இழந்தவனின் அழுகை அதில் குறைவு. தனக்குக் கிடைத்த அன்புக்கு நன்றிதான் அதிகம். 'ஓல்டர்' ஆல்பத்தின் முதல் பாட்டு அது. அந்த ஆல்பத்தை இருவருக்குச் சமர்ப்பித்தார்: போசா நோவாவின் தந்தைகளில் ஒருவரான அந்தோனியோ கார்லோஸ் ஜோபிம், அன்செல்மோ ஃபெலெப்பா. அறிந்தவர்கள் அறிந்துகொண்டார்கள். மற்றவர்கள் யாரோ ஒரு நண்பர் என்று நினைத்துக் கடந்தார்கள்.

எஸ்தர் ரான்ட்சனைப் பற்றி முதலில் சொன்னேன். அவர் 2016 டிசம்பரில் சொன்னதில் இன்னொரு பகுதி இருக்கிறது. இந்தப் பாட்டின் ராயல்டியை ஜார்ஜ் மைக்கேல் சைல்டுலைனுக்குக் கொடுத்துவிட்டார். தன் காதலரின் பெயரைச் சொல்ல முடியாமல் எழுதிய பாட்டு. அது ஈட்டிய பணம் தன் பெயரைச் சொல்லாமல், யாரென்றே தெரியாத குழந்தைகள் தொலைபேசியில் அழுவதைக் கேட்கப் போனது. அவர் மேல் சுமத்தப்பட்ட மறைவும் அவர் விரும்பிய மறைவும் சேர்ந்த இடம் என்று சொன்னேனே, அது இந்தப் பாட்டுதான். இருபது ஆண்டுகள் வானொலியில் அது ஒலித்துக்கொண்டே இருந்தது. கேட்டவர்களுக்கு இரண்டில் ஒன்றுகூடத் தெரியாது, அல்லது பாதி தெரியும்.

1998 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஒரு பூங்காக் கழிப்பறையில், மாறுவேடப் போலீஸ்காரர் அவரைக் கைது செய்தார். 810 டாலர் அபராதமும் 80 மணி நேரச் சமூக சேவையும் தண்டனை. உலகப் பத்திரிகைகள் சிரித்தன. அவர் ஒளியவில்லை. தொலைக்காட்சிக்கு வந்து, ஆம், நான் தன்பாலீர்ப்பாளன்தான், இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார். அந்தக் கைதையே கேலி செய்து 'அவுட்சைடு' என்று துள்ளலாக ஒரு பாட்டும் போட்டார். எந்த அம்மாவுக்காக மறைத்தாரோ, அந்த லெஸ்லி 1997-லேயே புற்றுநோயில் இறந்திருந்தார்.

பிந்தைய ஆண்டுகளில் போதைப் பழக்கம் அவரை ஆட்டியது. போதையில் கார் ஓட்டிக் கடையில் மோதி 2010-இல் சிறைக்குப் போனார். அடுத்தவர் உயிருக்கு ஆபத்தான குற்றம் அது. தாம் செய்தது தப்பு என்று அவரே ஒப்புக்கொண்டார். நினைவுக் கூட்டம் என்பதற்காக அதை மூடி மறைப்பது அவரை மதிப்பதாகாது. 2011 நவம்பரில் வியன்னாவில் நிமோனியாவால் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். குணமானதும் அடுத்த ஆண்டு அதே வியன்னாவுக்குப் போய்ப் பாடினார். தம்மைக் காப்பாற்றிய மருத்துவமனை ஊழியர்களுக்கு ஆயிரம் இருக்கைகள் கொடுத்தார்.

மருத்துவமனை ஊழியர்கள் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2006 டிசம்பரில் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் நர்சுகளுக்கு மட்டும் இலவசமாக ஒரு கச்சேரி செய்தார். தம் அம்மாவைக் கடைசி நாட்களில் கவனித்துக்கொண்ட நர்சுகளுக்கு நன்றி சொல்ல. பணம் கொடுத்தாலும் கிடைக்காத டிக்கெட்டை, இரவு முழுக்க நோயாளிகளைக் கவனித்து அலையும் பெண்களுக்குக் கொடுத்தார். பாடகன் தன் தொழிலாலேயே நன்றி சொல்வதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பொருளும் இருக்கிறது. ஜான் லெனன் 'இமேஜின்' பாட்டை உருவாக்கிய ஸ்டெய்ன்வே பியானோ. 2000-ஆம் ஆண்டு ஏலத்தில் 14.5 லட்சம் பவுண்டுக்கு ஜார்ஜ் மைக்கேல் அதை வாங்கினார். வெளிநாட்டுப் பணக்காரர் யாரிடமும் போய்விடாமல் மக்கள் பார்க்கும்படி அது இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். லிவர்பூல் அருங்காட்சியகத்தில் வைக்கக் கொடுத்தார். பிறகு அவரும் அவர் துணைவர் கென்னி காஸும் அதை அமெரிக்காவில் வன்முறை நடந்த இடங்களுக்கு அனுப்பினார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட மெம்பிஸ் விடுதி வாசல், கென்னடி சுடப்பட்ட டல்லாஸ் தெரு, மாணவர்கள் கொல்லப்பட்ட வர்ஜீனியா டெக் வளாகம். அங்கேயெல்லாம் அந்தப் பியானோவைக் கொண்டுபோய் வைத்தார்கள். சொந்தக்காரரான பாடகர் அங்கே போய் நின்று பாடவில்லை. இதிலும் அவர் முகம் இல்லை.

அவர் போன பிறகு ரசிகர்கள் என்ன செய்தார்கள்? லண்டன் ஹைகேட்டில் அவர் வீட்டுக்கு எதிரே இருந்த சிறு தோட்டம் பூக்களாலும் படங்களாலும் கடிதங்களாலும் நிரம்பியது. ஒரு வருஷத்துக்கு மேல் நிரம்பிக்கொண்டே இருந்தது. 2018-இல் குடும்பத்தார் மிகுந்த அன்போடு, அக்கம்பக்கத்தவரின் அமைதியை எண்ணி, அவற்றை எடுத்துச் செல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த வேண்டுகோள் அவருடைய குணத்துக்குப் பொருத்தமாகவே பட்டது. ஹைகேட் மயானத்தில் அம்மாவின் அருகே அவரை அடக்கம் செய்தபோதும் கூட்டம் இல்லை, கேமரா இல்லை.

1984-இல் இரண்டாம் இடத்தில் நின்ற 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்', 2021 ஜனவரி 1 அன்று பிரிட்டனில் முதல்முறையாக முதலிடம் பிடித்தது. 2023-இல் கிறிஸ்துமஸ் வாரத்தின் முதல் பாட்டும் அதுவே. சந்தோஷமான செய்திதான். ஆனால் டிசம்பரில் கடைகளில் ஒலிக்கும் அந்த ஒரு பாட்டாகவும், கல்யாண மண்டபத்துச் சாக்ஸபோனாகவும் மட்டும் அவரைச் சுருக்கிவிடுகிறோம். அவரை அறிய வேண்டுமானால் 1990-க்குப் பிந்தைய பாட்டுகளுக்கு வர வேண்டும். இசைக்காரன் என்ற முறையில் என் தீர்ப்பு இது: 'ஓல்டர்' அவருடைய ஆகச் சிறந்த ஆல்பம். 'ஃபெய்த்' அதற்கு அடுத்துத்தான்.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் 'ஓல்டர்' ஆல்பத்தின் முதல் பாட்டைப் போடுங்கள். ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும். பாதியில் நிறுத்தாமல் முழுக்கக் கேளுங்கள்.